இரண்டாவது பிரேக்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அதாவது, மற்றவர்கள் சாலையைப் பழகுவதற்காக என் உயிரைப் பக்கத்து இருக்கையில் வைத்து நாள் முழுக்க ஊர் சுற்றுகிறவன். எங்கள் பயிற்சிப் பள்ளி வண்டிகளில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பதறினால் நான் மிதிப்பேன், வண்டி நிற்கும். தான்தான் நிறுத்தினோம் என்று நினைத்துக்கொண்டு அவர் என்னைப் பெருமையாகப் பார்ப்பார். இப்படி என் காலை நம்பியே பாதிப் பாடத்தை ஓட்டிவிட்டு, உரிமத் தேர்வில் தோற்றுவந்து என்னிடமே சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படி ஒரு ஆள் என் வீட்டிலேயே இருந்தான். என் மனைவியின் தம்பி.

மச்சினன் தங்கமான பையன். குளிர்சாதன வேலை படித்துவிட்டு ஒரு ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் முன்னறை சோபாதான் அவனுக்கு வீடு. சோபா அவனை விடக் குட்டை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவன் கால்களைத் தாண்டாமல் நான் ஒரு நாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை.

வேலை தேடாமல் படுத்துக்கிடந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு விளம்பரம் விடாமல் விண்ணப்பித்தான். போன இடமெல்லாம் கூட்டம். உட்கார நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டு வரைக்கும் நிற்பார்கள், அவனை விடப் பெரிய படிப்பு படித்தவர்களும் அதில் இருப்பார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிடுவான். நேர்முகத்தில் வாயைத் திறக்கிற இடத்தில்தான் கவிழ்ந்துவிடுவான். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்: பேச்சுத் திறன் போதாது.

அதற்கும் என் மனைவி வழி கண்டுபிடித்தாள். ஒரு செல்போன் கடையின் மாடியில் பேச்சுத் திறன் வகுப்பு நடந்தது. அங்கே சேர்த்துவிட்டாள். கையை இறுக்கிக் குலுக்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், பல் தெரிந்தும் தெரியாமலும் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பையன் சிரத்தையாகப் பழகினான். குளியலறைக் கதவைத் திறந்து தலையை நீட்டி, என் கண்ணையே ஊடுருவிப் பார்த்து, அளவாகச் சிரித்து, "மாமா, அந்தத் துண்டை..." என்பான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வராது. நானும் துண்டை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

அதுதான் அவனுடைய வியாதி. வாக்கியத்தை ஆரம்பிப்பான், நடுவில் நிறுத்திவிட்டு ஆவலாகப் பார்ப்பான். மீதி வேறு இடத்திலிருந்து வரும். கூடப் படித்தவர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'பாதி.' மீதி வருகிற இடம் பெரும்பாலும் என் மனைவி.

"அக்கா, எனக்கு காபி..."

"சர்க்கரை கம்மியா. தெரியும்டா."

"அந்த கம்பெனிக்கு நான்..."

"போகப் பிடிக்கலைன்னு சொல்றான். தூரம் அதிகமாம்."

அவளைக் குறை சொல்லவும் மனசு வராது. அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. தம்பிக்குப் பேச்சு வரத் தாமதமாயிற்று. அவன் கையை நீட்டினால் அது தண்ணீருக்கா பொம்மைக்கா என்று அவளுக்குத்தான் தெரியும். அடுத்த வீட்டுக்கும் டாக்டருக்கும் அவள்தான் எடுத்துச் சொல்வாள். அப்புறம் அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. வந்த சேதி அவளுக்கு மட்டும் சரியாகப் போய்ச் சேரவில்லை. "அவன் வாயைத் திறந்தாலே என்ன சொல்ல வர்றான்னு எனக்குத் தெரிஞ்சிடும்," என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வாள். நானும் அதைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, பெரிதாக நினைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மருந்து வைக்கும் குளிர் அறைகளைப் பராமரிக்கிற நிறுவனம் ஒன்று அவனைக் கூப்பிட்டது. வேலை முழுக்க தொலைபேசியில். எங்கோ ஒரு மருந்துக் கிடங்கில் குளிர் அறை நின்றுவிட்டால் அவர்கள் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை இவன் பேசிப் பேசி அவர்களை வழிநடத்த வேண்டும். இருந்ததோ இரண்டே இடம். வந்து குவிந்த விண்ணப்பங்களோ மலை மலையாக. இரண்டு சுற்று எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டான். மூன்றாவது, கணினியில் முகம் பார்த்துப் பேசும் நேர்முகம்.

இது நடக்காவிட்டால் என்ன என்பதையும் அவன் முடிவு செய்திருந்தான். அவனோடு வேலை பார்த்த ஒருவன் கடல் தாண்டி ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போயிருந்தான். அங்கே இவனுக்கும் இடம் சொல்லி வைத்திருந்தான். ஒப்பந்தம் முடியும்வரை திரும்பி வர முடியாது. படித்ததற்கும் அந்த வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சோபாவுக்குப் பின்னால் ஒரு பை கட்டித் தயாராக நின்றது. என் மனைவி அந்தப் பக்கம் கூட்டும்போது பையைச் சுற்றிக் கூட்டுவாளே தவிர, அதைத் தொடமாட்டாள்.

நேர்முக நாளன்று வீடே பரபரத்தது. எங்கள் பள்ளி முதலாளியிடம் கெஞ்சி ஒரு லேப்டாப் வாங்கி வந்திருந்தேன். அதன் முதுகில் 'பொறுமையாகச் செல்லவும்' என்று எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டோம். கேமரா முகத்துக்கு நேராக வர, லேப்டாப்புக்கு அடியில் பழைய புத்தகங்களை அடுக்கினோம். மனைவி அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிவிட்டாள். மச்சினன் இஸ்திரி போட்ட சட்டை, டை எல்லாம் மாட்டியிருந்தான். கீழே மட்டும் வீட்டு அரைக்கால் சட்டை. அதில் மஞ்சள் வாத்துகள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன.

"பேன்ட் போட்டுக்கோ மாப்ள."

"இடுப்புக்கு மேலதானே மாமா..."

"தெரியப்போகுதுன்னு சொல்றான், விடுங்க," என்றாள் இவள்.

"நீ எங்க உக்காரப்போறே?"

"மேசைக்குப் பக்கத்துல, கீழே. கேமராவுல தெரியமாட்டேன். அவனுக்குத் தொண்டை வறண்டுட்டா தண்ணி குடுக்க ஆள் வேணாமா?"

"வாயைத் திறக்கக் கூடாது."

"திறந்தா கேளுங்க. உங்க தலை மேல சத்தியம்."

கையை என் தலையில் வைத்தே சத்தியம் செய்தாள். என் காவல் சமையலறை வாசலில். அடுப்பில் குக்கர் இருந்தது. சமயம் பார்த்து அது விசில் அடித்துத் தொலைக்கும் என்று அடுப்பை அணைத்துவிட்டு, குக்கரின் வெயிட்டையும் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

திரையில் ஒரு அம்மா வந்தார். காதோரம் நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். காலையிலிருந்து ஒரே மாதிரி பதில்களைக் கேட்டுச் சலித்துப்போன முகம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். வகுப்பில் மனப்பாடம் செய்ததை இவன் கடகடவென்று ஒப்பித்தான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"சரி. முன்னாடி வேலை பார்த்த இடத்துல பெரிய சிக்கல் ஏதாவது வந்திருக்கும். அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒரு தடவை கம்ப்ரஸர் நின்னுடுச்சு மேடம். உள்ளே அறை நிறைய சரக்கு. உடனே நான்..."

நிறுத்திவிட்டான். கண்ணைப் பார்த்தபடி, அளவான சிரிப்போடு.

கீழே உட்கார்ந்திருந்த என் மனைவியின் உதடு துடிக்க ஆரம்பித்தது. நான் வாசலில் நின்றபடி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"உடனே சரக்கு எல்லாத்தையும் வேற ரூமுக்கு மாத்தினான் மேடம்!"

கணீரென்று சொன்னாள். மரியாதை குறையக் கூடாதென்று கடைசியில் மேடம் வேறு. அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். மடியிலிருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து உருண்டது.

"யாருங்க அது?" என்றார் திரையிலிருந்த அம்மா. குரல் மாறிவிட்டது. "பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு பதில் சொல்றீங்களா?"

"இல்ல மேடம், அது..."

"லேப்டாப்பைத் தூக்கி அறையை ஒரு சுத்து காட்டுங்க."

பாவம், எழுந்து நின்றான். கேமராவுக்கு நேராக வாத்துகள் வந்தன. அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு லேப்டாப் திரும்பியது. தரையில் நனைந்து உட்கார்ந்திருந்த என் மனைவி தெரிந்தாள். அசடு வழிய, "வணக்கம் மேடம்," என்றாள். அடுத்து கையில் குக்கர் வெயிட்டோடு நான். நானும் கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்தேன். வேறு என்ன செய்வது?

"காலையில ஒருத்தர் காதுக்குள்ள கருவி வெச்சுக்கிட்டு பதில் சொன்னார். அப்பவே அனுப்பிட்டேன்," என்றார் அந்த அம்மா. "உங்களையும் ஏன் அனுப்பக் கூடாதுன்னு சொல்லுங்க."

மச்சினன் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். "மேடம், அது எங்க அக்கா..." என்றான். நின்றுவிட்டான்.

மீதியைச் சொல்கிற வாய் பொத்தியிருந்தது. திரையிலிருந்தவரும் அசையவில்லை.

"நான் எதை ஆரம்பிச்சாலும் அக்காதான் முடிப்பாங்க. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். சொல்லித் தரணும்னு அங்க உக்காரல மேடம். பழக்கம்."

இவன் இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. அவங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டு கதவைச் சாத்துங்க. அப்புறம் பேசலாம்."

எங்கள் வீட்டிலிருந்து எங்களையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். செருப்புகூடப் போடவில்லை. மாடிப்படியில் நின்றோம். கையில் இன்னும் அந்த வெயிட்.

"போச்சு," என்றாள் இவள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எல்லாம் போச்சு. என்னாலதான் போச்சு. பையைத் தூக்கிட்டு கிளம்பிடுவான்." சட்டென்று நினைவு வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "உங்க தலை மேல வேற சத்தியம் பண்ணேன்."

"அது இருக்கு. அழாதே."

"அப்புறம் பேசலாம்னுதானே சொன்னாங்க? இவன் பாதி சொல்லிட்டு நிப்பான். மீதியை யார் சொல்றது?"

அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தேர்வு அன்னைக்கு நானும் வண்டியை விட்டு இறங்கித்தான் ஆகணும். என் காலு அங்க இருக்கற வரைக்கும் எவனுக்கும் பிரேக் பிடிக்க வராது."

"உங்க ஓட்டை வண்டியும் என் தம்பியும் ஒண்ணா?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் கழித்து, "இறங்கி எங்க நிப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஓரமா. டீக்கடையில."

"பயமா இருக்காதா?"

"ஒவ்வொரு தடவையும்."

கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பாகக் குரல் கேட்டது. என்ன பேச்சென்று புரியவில்லை. அவள் எழுந்து காதைக் கதவில் வைத்தாள். நான் இழுக்கவில்லை, நானும் வைத்தேன். திடீரென்று உள்ளே சத்தம் நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் வாய் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. உள்ளே என்ன கேள்வி என்றே தெரியாமல் பதிலை முடித்துக்கொண்டிருந்தாள், மகராசி. அவள் நகம் என் தோலில் பதிந்தது. நான் நல்ல சகுனமாக ஏதாவது சத்தம் கேட்காதா என்று எல்லாக் கடவுளையும் வேண்டிக்கொண்டேன்.

மறுபடி குரல் எழுந்தது. இந்த முறை நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

"யாருங்க பேசறது?"

"உன் தம்பிதான்."

"இவ்வளவு நேரமாவா?"

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. வகுப்பில் பழகிய சிரிப்பு இல்லை. சின்னப் பையனாக இருந்தபோது சிரித்த சிரிப்பு என்று இவள் சொன்னாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கதவு திறந்தது. டை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்க, சட்டை வியர்வையில் ஒட்டியிருக்க, வாத்துகளோடு நின்றான்.

"அக்கா, அவங்க..."

வழக்கம்போல நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் வாய் திறந்தது. திறந்த வாயை மூடினாள். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். மீதி வரப்போவதில்லை என்று அவனுக்குப் புரிய அவ்வளவு நேரம் பிடித்தது.

"அவங்க என்னைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

என் மனைவி படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தட்டினான். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. குக்கர் வெயிட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

உள்ளே போனதும் நடந்ததைச் சொன்னான். கிடங்கு ஆள் ஒருவன் கோபமாகக் கூப்பிட்டுக் கத்துகிறான், நீ என்ன செய்வாய் என்று அந்த அம்மா கேட்டாராம். "முதல்ல அவரை..." என்று ஆரம்பித்து இவன் நின்றுவிட்டானாம்.

"அந்த அம்மா அப்படியே அசையாம இருந்தாங்க மாமா. நெட்வொர்க் போயிடுச்சுன்னு நினைச்சேன். பார்த்தா, கண்ணாடிச் சங்கிலி மட்டும் லேசா ஆடுது. படம் நிக்கல. நான் சொல்லி முடிக்கட்டும்னு சும்மா உக்காந்திருக்காங்க. எனக்காக அப்படி யாரும் உக்காந்ததில்லையா, பயந்துட்டேன். அப்புறம் வேற வழியில்லாம சொன்னேன்."

"என்னன்னு?"

"முதல்ல அவரை முழுசா பேச விடுவேன், அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள நானா எதையும் முடிச்சு வைக்க மாட்டேன்னு சொன்னேன். நாம நினைக்கற பழுது ஒண்ணா இருக்கும், அவர் சொல்ல வர்றது வேறயா இருக்கும்னு. எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்கன்னு கேட்டாங்க. இப்பதானே மேடம் நீங்களே பார்த்தீங்க, அக்கா சொன்ன பதில் தப்புன்னு சொன்னேன்."

"தப்பா?" என்றாள் இவள். "நீ சரக்கை வேற ரூமுக்கு மாத்தலையா?"

"மாத்தலக்கா. கதவைத் திறந்தா இருக்கற குளிரும் போயிடும். யாரையும் கதவைத் தொட விடல. கம்ப்ரஸர் சரியாகுற வரைக்கும் கதவு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். அதனாலதான் சரக்கு தப்பிச்சது."

"ஐயோ, நான் ஊர் முழுக்க அப்படித்தானே சொல்லிட்டிருக்கேன்!"

"தெரியும்க்கா. நீ சொல்லிக் கேட்டுக் கேட்டு, நான் போன இன்டர்வியூ எல்லாத்துலயும் அப்படியே சொன்னேன். எல்லாரும் இவனுக்கு வேலையே தெரியலைன்னு பார்ப்பாங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் போய் சோபாவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்து ஜிப்பைத் திறந்து துணிகளையெல்லாம் சோபாவில் கொட்டினேன். இரவு படுக்க இடமில்லையே என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. மூன்று பேரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

காபி போடுகிறேன் என்று அவள் சமையலறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே போய் வாசலில் சாய்ந்து நின்றான்.

"அக்கா, எனக்கு காபி..."

சர்க்கரை டப்பாவில் கரண்டியை விட்டபடி அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. அவள் காத்திருந்தாள்.

"சர்க்கரை நிறைய போடுக்கா. எனக்கு எப்பவும் நிறையதான் பிடிக்கும்."

அவள் மெல்லத் திரும்பினாள். "ஏன்டா, இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சேனே."

அவள் ஒரு கரண்டி போட்டாள். இன்னொன்று போட்டாள். மறுபடி ஒன்று. அது ரொம்ப அதிகம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.